உங்கள் காருக்குப் பதிலாக ஒரு வெள்ளை வான்

இஞ்சாருங்கோ,

இந்த ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லி மூன்று வருடமாகிறது. ஆண்டு நினைவு வந்தால் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கண்ணீரை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுப்பது வழக்கம். இந்த முறை அந்த நாலு வரி எனக்குக் காணாது. உங்களோடு ஒரு நியாயம் பேசவேண்டியிருக்கிறது. இதை இப்போது அச்சில் போட முடியாது என்று உங்கள் தம்பி சொல்கிறார். போடக்கூடிய காலம் வந்தால் ஊர் வாசிக்கட்டும், எனக்கு வெட்கமில்லை.

பேசவேண்டியது உங்கள் காரைப் பற்றி. உங்களோடு நான் வேறெதற்குச் சண்டை பிடித்தேன்? குடிக்கமாட்டீர்கள், ஊர்வம்புக்கும் போகமாட்டீர்கள். அந்தப் பழைய ஏ40 ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. நாரந்தனை முழுவதற்கும் அது வாடகைக் கார், எனக்குச் சக்களத்தி. விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பீர்கள். நான் வைத்த தேத்தண்ணி ஆறிப்போகும், பொனெற்றுக்குள் விட்ட தலையை வெளியே எடுக்கமாட்டீர்கள்.

நீங்கள் கண்மூடிய நேரம் கொழும்புக்குப் போகிற தரைப் பாதை திறந்திருந்தது. கொழும்புச் சாமான் கடைகளில் குவிந்து கிடந்தது. அடுத்த வருடம் ஆவணியில் பாதை மூடியது. அதோடு எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பெற்றோலுக்கு அட்டை, அரிசிக்கு வரிசை, பொழுதுபட்டால் ஊரடங்கு. அதைவிட மோசமானது இன்னொன்று. வீட்டுப் படலைக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு இளம் பிள்ளைகளை வானில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். யார் கொண்டுபோனது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க ஒரு வாசல் இல்லை. நீங்கள் இதைப் பார்க்காமல் போனது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

காரை உங்கள் தம்பி யோசப்புத்தான் ஓட்டினார். பெற்றோல் கிடைக்காததால், நீங்கள் முந்திய சண்டைக் காலத்தில் செய்ததுபோல அவரும் மண்ணெண்ணெய்க்கு மாறினார். உங்களுக்குத் தெரியாததில்லை, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சின்னத் தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் இருக்கும், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய். பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிற்பாட்டுவதற்கு முன்னர் திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சத் தூரம் ஓடவேண்டும். மறந்துபோய் மண்ணெண்ணெயில் நிற்பாட்டினால், பிறகு மாதாவே இறங்கி வந்து தள்ளினாலும் அது எழும்பாது. சென்றிக்குச் சென்றி நேவிக்காரர் மறித்து எஞ்சினை நிற்பாட்டு என்கிற நாட்டில், எந்த இடத்தில் குழாயைத் திருப்புவது என்பதில்தான் சாரதியின் கெட்டித்தனம் இருக்கிறது. நீங்கள் அல்லைப்பிட்டி வளைவு வந்தவுடன் கதையை நிறுத்திவிட்டுக் கையைக் கீழே கொண்டுபோவீர்கள்.

போன வருடம் எங்கள் மகள் றெஜினா வயிற்றோடு இருந்தாள். நீங்கள் பேசி முடித்துவிட்டுப் போன அதே மாப்பிள்ளைதான். அவருக்குக் கொழும்பில் வேலை. நத்தார்ப் பண்டிகைக்குக் கப்பலில் வந்து போனவருக்குப் பிறகு வர அனுமதி கிடைக்கவில்லை. பிள்ளை வயிற்றுக்குள் குறுக்கே கிடந்தது. வெட்டித்தான் எடுக்கவேண்டும், தேதிக்கு ஒரு கிழமை முன்னரே வந்து ஆஸ்பத்திரி வாட்டில் நில், அதற்கிடையில் பிள்ளைப்பேற்றுக் குத்து எழும்பினால் ஒரு நிமிடம் சுணங்காமல் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிடு, ஊரில் வைத்துப் பார்த்தால் இரண்டு உயிரும் தங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

எங்கள் தீவுப் பக்கத்துக்கு அம்புலன்ஸ் ஒன்றுதான். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இருந்து வள்ளத்தில் வருகிற நோயாளரை ஏற்றக் குறிகட்டுவானுக்கும் அதுவே ஓடவேண்டும். ஆகவே மகளின் உயிரும் அவள் வயிற்றுப் பிள்ளையின் உயிரும் உங்கள் காரின் எஞ்சினை நம்பி நின்றன. அந்த எஞ்சினோ கிழடாகிவிட்டது.

ஏழாம் மாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். பெற்றோலை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசப்பு குழாயைத் திருப்பப் பிந்திவிட்டார். மண்டைதீவுச் சந்தியில் நிற்பாட்டச் சொன்னார்கள், நிற்பாட்டினார். நாங்கள் வழக்கம்போல இறங்கி நடந்து மறுபக்கம் போய்க் காத்து நின்றோம். கார் வரவில்லை. சென்றிக்கு நடுவில் ஒரு வாகனம் அசையாமல் நின்றால் நேவிக்காரர் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. துவக்கை நீட்டிக்கொண்டு சுற்றி வளைத்தார்கள். நாயைக் கொண்டுவந்து மணக்க விட்டார்கள். யோசப்பு கைகளைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். றெஜினா என் தோளைப் பிடித்தபடி நின்றாள், அவளுடைய கால் வீங்கியிருந்தது.

உள்ளேயிருந்து வயதான ஒரு பெரியவர் வந்தார். அந்தச் சென்றிக்கு அவர்தான் பொறுப்பு. காரைப் பார்த்தவுடன் சிரித்துவிட்டு, "இது ஆஸ்பத்திரிக் கார்" என்று மற்றவர்களுக்குச் சொன்னார். நீங்கள் எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிப்போன கார் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. தள்ளிக்கொண்டு போக விட்டார்கள்.

அன்று பின்னேரம் யோசப்பு என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"மச்சாள், இனி உதுக்குப் பின்னாலை திரிய ஏலாது. எஞ்சின் றிங் எல்லாம் தேஞ்சுபோச்சு, எண்ணெயைக் குடிக்குது. ஒண்டைச் செய்தால் மற்றது விடுது. றெஜினாவுக்குக் குத்து எழும்பிற நேரம் இப்பிடி நிண்டால் என்ன செய்வியள்?"

"நீர் நேரத்துக்குத் திருப்பியிருந்தால் நிண்டிருக்காது."

"ஓம், என்ரை பிழைதான். பிழை விடுற மனுசன் ஓடுறதுக்கு நல்ல வாகனம் ஒண்டு வேணுமெல்லோ."

அவர் ஏற்கெனவே ஒரு வானைப் பார்த்து வைத்திருந்தார். வேலணையில் ஒரு கடைக்காரருடையது. டீசல் வான், தையல் மெசின் மாதிரி ஓடுகிறதாம். நல்ல வானை அந்த மனுசன் ஏன் விற்கிறார் என்று கேட்டேன்.

"வெள்ளை வான், மச்சாள்."

நீங்கள் இருந்த காலத்தில் வெள்ளை வான் என்றால் கலியாணத்துக்குப் போகிற வான். இப்போது அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லமாட்டோம். ஆட்களைக் கொண்டுபோகிறவர்கள் அதில்தான் வருகிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், ஓடிப்பார்க்கவென்று ஒரு நாள் கொண்டுவந்துவிட்டார். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். பழக்கமில்லாத எஞ்சின் சத்தம் ஒழுங்கைக்குள் வந்தது. எட்டிப் பார்த்தால் வேலிக்கு மேலால் வெள்ளை முகடு தெரிகிறது. முன்வீட்டுப் பிலோமினா அக்கா கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த தன் வளர்ந்த மகனைச் சவர்க்கார நுரையோடு இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். படலைகள் ஒவ்வொன்றாகச் சாத்துப்பட்டன. மற்றவர்களை ஏன் சொல்வான், நானும் றெஜினாவை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டினேன். "மச்சாள், நான்தான்" என்று யோசப்பு கூப்பிடும்வரை தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.

"நிறத்தை மாத்தினால் என்ன?" என்று கேட்டேன்.

"வெள்ளை வானுக்கு ஏன் நிறம் மாத்தினனி எண்டு நேவி கேப்பான். அதுக்கு என்ன சொல்லுறது?"

அவர் சொன்னது சரி. ஆனால் என்னுடைய நியாயமும் நியாயம்தான். உங்கள் கார் நின்றுவிட்டால் அதைத் தள்ள ஊர் ஓடி வரும். சென்றியில் அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வான் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதைக் கண்டால் ஊர் உள்ளே ஓடும், சென்றியில் முதலில் மறிப்பதும் அதைத்தான். எஞ்சினை நம்புவதா, சனத்தை நம்புவதா? நீங்கள் இருந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பீர்கள்? நான் சனத்தை நம்பினேன். காரைத் திருத்துவோம் என்று முடிவாகச் சொன்னேன். யோசப்பு என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் காரைக் கராஜில் கொண்டுபோய் விட்டார்.

எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பினார்கள். றிங்கும் மற்றதுகளும் கொழும்பிலிருந்து கப்பலில் வரவேண்டும். தேதிக்கு இன்னும் காலமிருக்கிறது, அதற்கிடையில் வந்துவிடும் என்று கராஜ்காரர் சொன்னார். கடல் கொந்தளித்தது, கப்பல் வரவில்லை. பிரித்துப் போட்ட பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. ஒவ்வொரு நாளும் கராஜுக்குப் போய்ச் சாக்கில் கிடந்த இரும்பைப் பார்த்துவிட்டு வருவேன். பழுதான காரென்றாலும் கார். இப்போது அதுவும் இல்லை.

வான் மட்டும் எங்கள் வளவில்தான் நின்றது. கடைக்காரர் கப்பலுக்கு இடம் கிடைத்துக் கொழும்புக்குப் போகும்போது, விற்றுத் தாரும் இல்லாவிட்டால் நீரே எடும் என்று ஒரு துண்டு எழுதி வானின் திறப்பையும் யோசப்பிடம் கொடுத்துவிட்டுப் போனார். றோட்டில் போகிறவர்கள் கண்டு பயப்படுவார்கள் என்று பின்வளவில் விட்டு ஓலைக் கிடுகால் மூடி வைத்தோம்.

குத்து முந்திவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் "அம்மா" என்று கூப்பிட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்புலன்ஸுக்கு ஆளனுப்பினோம். அது குறிகட்டுவானில் வள்ளத்துக்குக் காத்து நிற்கிறது, எப்போது திரும்பும் என்று தெரியாது. ஊரடங்குக்கு நேரம் இருந்தது, கனக்க இல்லை.

நானே போய்க் கிடுகுகளை இழுத்துத் தள்ளினேன். நான் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று யோசப்பு ஒரு தரமாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பின்சீற்றில் தலையணை வைத்து அவளைப் படுக்க வைத்தோம். யோசப்பு பக்கக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே இருட்டாகிவிட்டது. யன்னல் எல்லாம் கறுப்புக் கண்ணாடி. வெளியே இருக்கிறவனுக்கு உள்ளே இருப்பது ஆர் என்று தெரியவே தெரியாது.

"தம்பி, கதவைத் திறவும்."

"விழுந்துபோவியள், மச்சாள்."

"நான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன். திறவும் எண்டுறன்."

கதவை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு நான் படியில் இருந்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்தேன், மற்றக் கையால் அவளுடைய காலைப் பிடித்தேன். ஒழுங்கை வாசலில் படலைகள் சாத்துப்படத் தொடங்கின. நான் கத்தினேன். "நான் சவிரிமுத்துவின்ரை மனுசி! றெஜினாவுக்குக் குத்து! நாங்கள்தான் போறம்!" கலியாணம் முடித்த நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அன்றைக்குச் சுருவில், வேலணை, அல்லைப்பிட்டி என்று சந்திக்குச் சந்தி அதைக் கத்திக்கொண்டு போனேன். பாதி மூடின படலைகள் அப்படியே நின்றன. சிலர் வெளியே வந்து பார்த்தார்கள். தொண்டை கிழிந்துபோனது. குறை நினைக்காதீர்கள்.

மண்டைதீவுச் சந்தியில் புது நேவிப் பெடியன் ஒருத்தன் நின்றான். வானைக் கண்டதும் துவக்கைத் தூக்கினான். யோசப்பு இறங்கிப் பாஸையும் கடைக்காரரின் துண்டையும் நீட்டினார். வான் ஒருவரின் பெயரில், ஓட்டுகிறவர் வேறொருவர். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. யோசப்பைப் பிடரியில் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள்.

"இறங்கு, இறங்கு. எல்லாரும் இறங்கு."

"ஏலாது ஐயா. பிள்ளை பெறப்போறாள்."

அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகத்துக்கு நேரே துவக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். றெஜினா தலையணையைக் கடித்துக்கொண்டு முனகினாள். யோசப்பு போன கொட்டிலிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வெயில் தாழ்ந்துகொண்டு போனது. மகள், மகளின் பிள்ளை, உங்கள் தம்பி, மூன்று பேரையும் ஒரே இடத்தில் தொலைக்கப்போகிறேன் என்று நினைத்தேன். உங்கள்மீது எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சமில்லை. எங்களை இப்படி விட்டுவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பின்னால் ஊர்காவற்றுறை பஸ் வந்து நின்றது. சனம் இறங்கி வரிசையாக நடந்தது. சென்றியில் ஆரையேனும் மறித்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் குனிந்த தலையோடு போவதுதான் எங்கள் பழக்கம். பார்த்தவனையும் பிடித்து வைப்பார்கள். நானும் எத்தனையோ பேரை அப்படிப் பார்க்காமல் நடந்து போயிருக்கிறேன். வரிசை என்னைக் கடந்து போனது. பஸ்ஸில் வந்த பிலோமினா அக்காவும் கடந்து போனார். கொஞ்சத் தூரம் போனவர் நின்றார். பிறகு வரிசையை விட்டு விலகி, திரும்பி வந்து, கையிலிருந்த பையைத் திறந்த கதவடியில் வைத்தார்.

"என்னடி பிள்ளை, தண்ணி உடைஞ்சிட்டுதே?"

பெடியன் "போ, போ" என்று கத்தினான். பிலோமினா அக்கா அசையவில்லை. அவருடைய சேலைத் தலைப்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது, காற்று இருக்கவில்லை.

"இது எங்கடை ஊர் வான்," என்றார். "எங்கடை பிள்ளை. இவள் போனால்தான் நாங்களும் போவம்."

இன்னும் இரண்டு பெண்கள் திரும்பி வந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். ஒருத்தரும் சத்தம் போடவில்லை, வானைச் சுற்றிப் பேசாமல் நின்றார்கள். ஆட்கள் நடந்து கடக்காமல் பஸ் நகர முடியாது, பஸ்ஸுக்குப் பின்னால் இன்னும் வாகனங்கள் சேர்ந்தன. பெடியன் விசிலை ஊதினான்.

அந்தச் சென்றிப் பெரியவர் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், திறந்த கதவுக்குள்ளே கிடந்த றெஜினாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்தப் பழைய கார் எங்க?"

"பழுது ஐயா. இனி இதுதான்."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நான் முடிவெடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். யோசப்பு வெளியே வந்தார். உதடு வெடித்திருந்தது. ஏறி, திறப்பை ஒரே தரம் திருப்பி வானை எழுப்பினார். பண்ணைப் பாலத்தில் அவர் ஓடின ஓட்டத்தை நீங்கள் பார்த்திருந்தால் ஏசியிருப்பீர்கள்.

இருவரும் தப்பினார்கள். பேத்தி. இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். நான் வாட்டுக்கு வெளியே நிலத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு கப்பல் வந்தது, றிங்கும் வந்தது. பொருத்தட்டோ என்று கராஜ்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். வானை நாங்களே எடுத்துவிட்டோம். உங்கள் காரைப் பிரித்தபடியே கராஜ்காரர் எடுத்துக்கொண்டார், அதன் துண்டுகள் இப்போது வேறு பழைய கார்களில் ஓடுகின்றன. ஸ்ரியறிங்கையாவது கழற்றி வீட்டில் மாட்டுவோமா என்று யோசப்பு கேட்டார். மாட்டினால் தினமும் அதோடு சண்டை பிடிக்கவேண்டி வரும், வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து அன்றைக்கும் அழுதேன். சக்களத்தி செத்தாலும் அழுகை வரும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. உங்களுக்குக் கோபமா? அதையாவது ஒருநாள் கனவில் வந்து சொல்லுங்கள்.

இப்போது ஊரின் நோயாளர், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லாரும் வானில்தான் போகிறார்கள். ஒரேயொரு கட்டளை வைத்திருக்கிறேன். ஊர் ஒழுங்கைகளில் பக்கக் கதவைத் திறந்தபடிதான் ஓடவேண்டும். புழுதி அடிக்கிறது, மாரி மழைக்கு நனைகிறோம், யோசப்பு தினமும் முணுமுணுக்கிறார். ஆனால் திறந்த கதவைக் கண்டால் சனம் படலையைச் சாத்துவதில்லை.

போன கிழமை, வெயில் ஏறின நேரம், ஒரு வெள்ளை வான் கதவைச் சாத்திக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. எங்கள் வானைப் போலவே இருந்தது, அதே கறுப்புக் கண்ணாடி. எங்களுடையதில்லை என்று ஒருத்தரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அது முடக்கால் திரும்பி வருவதற்குள் ஒழுங்கையில் இருந்த இளம் பிள்ளைகள் எல்லாரும் பின்வேலியால் பாய்ந்து பனங்கூடலுக்குள் போய்விட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு படலையாகத் தட்டினார்கள். கிழடுகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

அவர்கள் திரும்பவும் வருவார்கள், எனக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மழையோ வெயிலோ, நான் உயிரோடு இருக்கும்வரை, எங்கள் வான் கதவைச் சாத்திக்கொண்டு இந்த ஒழுங்கைக்குள் வராது.

உங்கள் மனுசி,
மரியறோஸ்